‘நாளைக்கு ஓடிரும்’ அண்ணாச்சி

மேலகரத்தில் பணி ஓய்வு பெற்ற ஆண்கள் மூன்று வகை. கோயில் கமிட்டியில் சேருகிறவர்கள் ஒரு வகை. பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடுகிறவர்கள் இன்னொரு வகை. பழைய டிராக்டர் வாங்குகிறவர்கள் மூன்றாவது வகை. முதல் இரண்டும் தமிழ்நாடு முழுக்க உண்டு. மூன்றாவது வகை செழிக்கத் தென்காசிப் பக்கம் ரொம்ப வாகு: வீட்டை ஒட்டிக் கொஞ்சம் நிலம், அதில் தென்னை, கூப்பிடு தூரத்தில் ஒரு லேத் பட்டறை. இந்த அண்ணாச்சியை அடையாளம் காண்பது எளிது. வெள்ளை வேட்டியில் முழங்காலுக்குக் கீழே ஒரு கிரீஸ் கோடு இருக்கும். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில், அதே அளவில் வேறொன்று வாங்குவதற்காக எடுத்துவந்த தேய்ந்த செம்பு வாஷர் இருக்கும். “வண்டி என்னாச்சு அண்ணாச்சி?” என்று எந்த மாதத்தில் யார் கேட்டாலும் “நாளைக்கு ஓடிரும்” என்பார். எதற்காக வாங்கினீர்கள் என்று கேட்டால்தான் முகம் சுண்டும். “சும்மா நிறுத்திவச்சு அழகு பாக்கவா வாங்குனேன்? தோட்டத்து வேலைக்குல்லா!” இந்தக் கடைசிப் பேச்சுதான் விசாரணைக்கு உரியது. அது வெறும் சாக்கு என்பது ஊரின் கட்சி. சத்தியம் என்பது அண்ணாச்சியின் கட்சி. சாக்காகத் தொடங்கிச் சத்தியமாக முடிகிறது என்பது என் கட்சி.

ஊரின் கட்சிக்கு முதல் சாட்சி கணக்கு. அண்ணாச்சியின் தோட்டம் 40 சென்ட் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 1,600 சதுர மீட்டர். நாலடி ரொட்டவேட்டரை மாட்டி, மணிக்கு 3 கிலோமீட்டர் என்று ஆமை வேகத்தில் ஓட்டினாலும் ஒரு மணி நேரத்தில் 3,600 சதுர மீட்டர் உழுதுவிடலாம். தென்னையைச் சுற்றித் திரும்புவது, ரிவர்ஸ் எடுப்பது, நடுவில் இறங்கிக் காப்பி குடிப்பது எல்லாம் சேர்ந்தும் ஒரு மணி நேரத்தைத் தாண்டாது. ஆண்டுக்கு மூன்று உழவு என்றால் மொத்தம் மூன்று மணி நேர வேலை. வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரை மணிக்கு 500 ரூபாய் வாடகைக்கு விட்டிருக்கிறது. தனியாரிடம் அதைப்போல இரண்டு மடங்கு கொடுத்தாலும் ஆண்டுச் செலவு 3,000 ரூபாய். அண்ணாச்சி புதிதாகப் போட்ட பேட்டரி ஒன்றே அந்தத் தொகையை விழுங்கிவிட்டது. லைனர், பிஸ்டன், கிளட்ச் பிளேட் என்று மற்றதெல்லாம் தனிக் கணக்கு. பின் டயர் இரண்டும் என்ன விலை என்பதை அவர் இன்னும் வீட்டில் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்துகொண்ட வீட்டம்மா கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “என்னங்க, இதை எடைக்குப் போட்டா என்ன தேறும்?”

இரண்டாவது சாட்சி தோட்டமே. தோட்டத்துக்காக வந்த வண்டி ஓடும் முன்பே, வண்டிக்காகத் தோட்டம் மாறத் தொடங்கிவிடுகிறது. புறவாசல் கேட் நாலடி. வண்டி அகலம் ஐந்தடிக்கு மேல். சுவரை இடித்து எட்டடியாக்குகிறார். அகலமான கேட் வழியாக அடுத்த தெரு ஆடுகள் வருகின்றன. ஆடுகளுக்காகக் கம்பிவேலி வருகிறது. துவைகல் இடம் மாறுகிறது. துணி காயப்போடும் கொடி மொட்டை மாடிக்குப் போகிறது. வண்டி திரும்பும் இடத்தில் நின்ற முருங்கை, “எப்படியும் ஆடிக் காத்துல விழத்தான் போகுது” என்ற தீர்ப்போடு வெட்டுப்படுகிறது. குறுக்கும் நெடுக்குமாக இருந்த கத்தரிப் பாத்தியும் வெண்டைப் பாத்தியும் உழவுச் சால் போகிற திசைக்குத் திரும்புகின்றன. அமெரிக்காவில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1961-இல் ‘கப் கேடட்’ என்று வீட்டுத் தோட்டத்துக்கென்றே ஒரு குட்டி டிராக்டரைக் கொண்டுவந்தது. அங்கே வீட்டைச் சுற்றிப் புல்வெளி. புல் வெட்ட வண்டி. தோட்டத்தின் அளவுக்கு வண்டியைச் சுருக்கினார்கள் அவர்கள். அண்ணாச்சி வண்டியின் அளவுக்குத் தோட்டத்தை விரிக்கிறார்.

இதற்கெல்லாம் அவரிடம் பதில் உண்டு, அதுவும் கேலிக்குரிய பதில் அல்ல. “அந்தக் காலத்து இரும்பு வே! இப்ப வர்றது எல்லாம் தகரம்” என்பது முதல் பதில். மாஸி பெர்குசன் வைத்திருப்பவரானால் தென்துருவத்தையே சாட்சிக்கு இழுப்பார். 1958 ஜனவரி 4-ஆம் தேதி எட்மண்ட் ஹிலாரியின் குழு தென்துருவத்தை அடைந்தது பெர்குசன் டிராக்டர்களில்தான். அந்த வம்சத்து வண்டிகளைத்தான் 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் நம் வயல்களில் இறக்கியது. எல்லாம் உண்மை. ஆனால் துருவத்தில் பலாமரம் கிடையாது, செப்டிக் டேங்க் மூடியும் கிடையாது. மேலும், ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட கனம் என்பது ஈர மண்ணை இறுக்குகிற கனம். தென்னை வேருக்கு அது உபகாரம் இல்லை. “புது வண்டி முழுக்க எலக்ட்ரானிக்ஸ், ஒரு சென்சார் போனா கம்பெனிக்காரன் வரணும்” என்பது இரண்டாவது பதில். காருக்கு இது பொருந்தும். டிராக்டரில், 2023 ஜனவரியில் வந்த கடுமையான புகைக் கட்டுப்பாடு 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்டவற்றுக்குத்தான். 20 குதிரைத்திறனில் ஒரு புது வண்டி வாங்கியிருந்தால் அதுவும் ஸ்பேனரோடு முடிகிற வண்டியாகவே இருந்திருக்கும். ‘குற்றாலக் குறவஞ்சி’ பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் இது. சொந்த மலையின் பெருமையை அலுக்காமல் பேசுகிற கலை இந்த மண்ணுக்குப் புதிதில்லை. அண்ணாச்சியின் பேச்சை அந்த வரிசையில் வைத்துக் கேட்க வேண்டும். புள்ளிவிவரம் தேடினால் நஷ்டம் நமக்குத்தான்.

‘ஆசையாக இருந்தது, வாங்கினேன் என்று சொல்லிவிட்டுப் போகலாமே’ என்று கேட்பவர்கள் குற்றாலத்தை யோசித்துப் பார்க்க வேண்டும். சாரல் காலத்தில் ஐந்தருவியிலும் மெயினருவியிலும் குளிக்க வருகிற கூட்டத்தில், தலையில் தண்ணீர் விழுவது சுகமாக இருக்கிறது, அதனால் வந்தேன் என்று சொல்கிற பெரியவர் அபூர்வம். மூலிகை பட்ட தண்ணீர், பித்தத்துக்கு நல்லது, எண்ணெய் தேய்த்துக் குளித்தால் உடம்புச் சூடு தணியும் என்று ஒவ்வொருவரும் ஒரு வைத்தியக் காரணத்தைத் துண்டோடு சேர்த்துத் தோளில் போட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். சந்தோஷத்துக்கு ஒரு பிரயோஜனம் காட்டியாக வேண்டும் என்பது நம் வீடுகளின் எழுதாத சட்டம். அறுபது வயது மனிதர் ‘எனக்கு இன்ஜின் சத்தம் பிடிக்கும்’ என்று கூடத்தில் நின்று அறிவிக்க முடியாது. ‘தோட்டத்து வேலை’ என்று சொல்லலாம். சொன்னால் வீட்டுக் காசில் ஒரு நாசில் வாங்கலாம். இதுவரை ஊர் சொல்வது சரி. ஊர் இதோடு வழக்கை முடித்துவிடுவதுதான் தவறு. ஏனென்றால் சொன்ன சாக்குக்கு அவர் கட்டுப்பட்டுவிடுகிறார். வேலைக்கு என்று சொன்ன வண்டியை வர்ணம் பூசி நிறுத்த முடியாது. ஓட்டியே காட்ட வேண்டும்.

ஓட்ட வைப்பது சாமானிய வேலை இல்லை. பல நாள் நின்ற டீசல் வண்டியில் குழாய்க்குள் காற்று ஏறிவிடும். எவ்வளவு செல்ப் அடித்தாலும் இன்ஜின் முனகுமே தவிர பிடிக்காது. அண்ணாச்சி டீசல் பில்டரின் தலையில் உள்ள திருகை ஒரு சுற்றுத் தளர்த்துவார். பீட் பம்பின் கைப்பிடியைக் கட்டைவிரலால் அமுக்கி அமுக்கி விடுவார். முதலில் சோப்பு நுரையாகக் கசியும். பிறகு குமிழி குமிழியாக. பிறகு குமிழி இல்லாமல் பளபளவென்று டீசல் வழியும். அந்தக் கணத்தில் திருகை இறுக்க வேண்டும். முந்தினால் காற்று மிஞ்சும், பிந்தினால் வேட்டி நனையும். அதன்பின் நாசில் குழாய் நட்டுகளைத் தளர்த்தி, செல்ப் அடிக்கச் சொல்லி, டீசல் பீச்சியதும் இறுக்குவார். இதைப் புத்தகத்தில் படிக்கலாம்; ஆனால் விரல் நுனியில் வைத்திருப்பவர்கள் ஊருக்கு நாலைந்து பேர்தான். அண்ணாச்சி போன்றவர்கள் பழைய வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போய் நிற்பதால்தான், பம்பும் நாசிலும் சரிபார்க்கிற பட்டறைக்காரர் அந்தத் தொழிலை விட்டுவிட்டு வேறு கடை வைக்காமல் இருக்கிறார். வயற்காட்டு மோட்டாருக்கும் நெல் அடிக்கிற இயந்திரத்துக்கும் ஊருக்கு வேண்டியிருப்பது அதே பட்டறைதான்.

உண்மையான வேலை பருவத்தில் தெரியவரும். தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர் என்கிறது 2015-16 வேளாண் கணக்கெடுப்பு. சராசரிக்குக் கீழே, பத்து சென்ட் இருபது சென்ட் என்று துண்டு துண்டாக வைத்திருப்பவர்கள் ஏராளம். கார் சாகுபடிக்கும் பிசானத்துக்கும் சிற்றாற்றுப் பாசனத்தில் தண்ணீர் வந்ததும் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் உழவு வேண்டும். வாடகை வண்டிக்காரர் ஏக்கர்க்கணக்கில் கிடைக்கிற பக்கம் போவார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, பத்து சென்டுக்கு வந்துபோகிற டீசலே கட்டாது. அரசு வாடகை வண்டி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, முன்பதிவும் இருக்கிறது, அதில் முன்னால் பதிந்தவர்களும் இருக்கிறார்கள். கட்டுப்படியாகாத வேலைக்கு வரக்கூடியவர், கட்டுப்படியாவதைப் பற்றி என்றுமே கவலைப்படாத ஒருவர்தான். “அண்ணாச்சி, வாய்க்கால் ஓரத்துல நம்ம துண்டு ஒண்ணு கெடக்கு” என்று யாராவது தலையைச் சொறிந்தால், “வண்டி சும்மாதானே நிக்கி, வாரேன்” என்பார். கூலி கேட்கமாட்டார், டீசலுக்குக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், கொடுக்காவிட்டால் மறந்துவிடுவார். தெருவில் கட்டிலும் பீரோவும் வீடு மாறுவது அவர் டிராக்டர் பெட்டியில்தான்.

ஆகவே வண்டி வேலைக்கு என்று அண்ணாச்சி சொன்னது பொய்யில்லை. யாருடைய வேலைக்கு என்பதில்தான் சின்னத் திருத்தம். வீட்டம்மாவுக்கும் இது தெரியும். எடைக்குப் போடுகிற பேச்சை இப்போதெல்லாம் வண்டி வெளியூர் வேலைக்குப் போன நாளில் மட்டும் எடுக்கிறார். சொந்தத் தோட்டத்தில் களை முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. கேட்டால், “நாளைக்கு ஓட்டிருவேன்” என்கிறார் அண்ணாச்சி. அம்மா பதில் பேசாமல், மண்வெட்டியோடு வரச்சொல்லி இரண்டு ஆளுக்குக் கூலி பேசி முடித்திருக்கிறார்.