சரவெடிச் சத்தம் அங்கேயும் உண்டு!

கேள்வி: ஸ்பானிஷ் படிக்க குவாத்தமாலா போய், முன்பின் தெரியாத குடும்பத்தோடு தங்கி, தொண்டும் செய்யப் போகிறேன் என்கிறாள் என் மகள். அனுப்பலாமா?
– ஒரு தாய், சிவகாசி

பதில்: தாராளமாக அனுப்பலாம் அம்மா! உங்கள் ஊர்ப் பிழைப்பே வெளியூர் போய்க் கற்று வந்ததுதானே? 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வராவிட்டால் இன்றைய சிவகாசி ஏது?

குவாத்தமாலாவின் அந்திகுவா நகரத்து ஸ்பானிஷ் பள்ளிகளில் ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர். ஆனால் நாக்கு வளைவது சாப்பாட்டு மேசையில்தான். சோள ரொட்டியும் கறுப்பு பீன்ஸும் பரிமாறியபடி வீட்டம்மா பேசப் பேச, தப்புத் தப்பாகவாவது பதில் சொல்ல வேண்டும். அறைக்குள் போய் போனில் தமிழ்ப் படம் பார்த்தால் கட்டிய காசு வீண். பேச்சு ஓரளவு வந்தபிறகே தொண்டுக்குப் போகட்டும். பாஷை தெரியாமல் போனால் அவளைக் கவனிக்கவே தனி ஆள் வேண்டும்.

இன்னொரு சேதி. அங்கே பிறந்தநாள் என்றால் விடியற்காலையிலேயே வாசலில் சரவெடி வெடிப்பார்கள். மற்ற வெளிநாட்டுப் பிள்ளைகள் அலறி எழுவார்கள். உங்கள் மகள் நம்மூர்தான் என்று புரண்டு படுப்பாள்!

வாடகை, சாப்பாடு எல்லாம் பள்ளி மூலமாகவே முன்கூட்டிப் பேசி முடித்துவிட்டு அனுப்புங்கள்.