தாய்மாமன் மடியும் தப்பிய ஒலியும்: காதுகுத்து வீடியோக்களை முன்வைத்து ஓர் ஆய்வு

வீட்டுக் கணினியில் வீடியோ எடிட் செய்வோர் படும் இன்னல்கள் பல. அவற்றுள் ஆய்வுக்குரிய தகுதி ஒன்றுக்கே உண்டு: சேர்ந்து கிளம்பிய படமும் ஒலியும் போகப் போகப் பிரிந்துவிடுவது.

இங்கே ஆய்வுப் பொருள், குலதெய்வக் கோயிலின் இருண்ட மண்டபத்தில் செல்போனில் எடுத்த பத்து நிமிடக் காதுகுத்து. முதல் நிமிடத்தில் பழுதில்லை. பத்தர் காதைக் குத்தும்போது தாய்மாமன் மடியிலுள்ள குழந்தை வாயைத் திறக்கிறது; சத்தம் வரவில்லை. பிறகு லட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கையில் வீறிடுகிறது.

காரணம் குறித்து மூன்று கொள்கையினர் உளர். மறுதொடக்கவாதிகள் கணினியை அணைத்துப் போடச் சொல்வர், பெரும்பாலும் சித்தப்பாக்கள். வைரஸ்வாதிகள் வைரஸ் என்பர். எந்த வைரஸ் எனக் கேட்டால் காபி கேட்பர். மூன்றாமவர் திருஷ்டிவாதிகள், அதாவது பாட்டிமார். இவர்களை எள்ளுதல் தகாது. படம் எடுத்த இடத்தில் என்ன நடந்தது என்று விசாரிப்பவர்கள் இவர்கள் மட்டுமே.

விடையும் அங்கேதான் கிடக்கிறது. நொடிக்கு 30 ஃபிரேம் எடுப்பதாகச் சொல்லும் செல்போன், வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கூடுதல் நேரம் ஒளி வாங்குவதற்காக எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளும். ஒலியோ இருட்டைப் பொருட்படுத்தாமல், பெரும்பாலும் நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில் பதிவாகும். சராசரி 29 ஃபிரேம் எனக் கொண்டால் பத்து நிமிடத்துக்கு 17,400. கோப்பிலுள்ள நேரக்குறிப்புகளைச் சட்டை செய்யாத மென்பொருள் இவற்றை 30 வீதம் ஓட்டினால், படம் 580 நொடியில் தீர்ந்துவிடும். ஒலிக்கு இன்னும் 20 நொடி பாக்கி. அழுகை லட்டுக்குப் போய்ச் சேர்ந்த வழி இதுவே.

பரிகாரத்துக்கு எலுமிச்சம்பழம் வேண்டாம். டைம்லைனில் போடும் முன்பே ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் கோப்பைக் கொடுத்து, மாறாத ஃபிரேம் வீதத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஒலியைக் கையால் நகர்த்தி ஒட்டவைப்பது வீண்வேலை. ஒரு பக்கத்துச் சம்பந்தியைச் சமாதானம் செய்தால் மறுபக்கத்தார் முறுக்கிக்கொள்வது போல, தொடக்கம் பொருந்தினால் முடிவு பிசகும்.

எஞ்சியவை சில்லறை. 'மீடியா ஆஃப்லைன்' என்று திரை மிரட்டினால் வீடியோ அழிந்துவிட்டதென்று பொருளல்ல. புராஜெக்ட் கோப்பில் பொதுவாக இருப்பது வீடியோவின் முகவரி மட்டுமே. யாரோ பென்டிரைவைப் பிடுங்கியிருப்பார்கள், அல்லது ஃபோல்டரை 'ஒழுங்கு' செய்திருப்பார்கள். இருக்குமிடத்தைக் காட்டினால் திரும்பி வரும். பென்டிரைவில் இடமிருந்தும் காப்பி ஆகவில்லையா? அது ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும். அதில் 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றைக் கோப்பு ஏறாது.

எக்ஸ்போர்ட் 99 சதவீதத்தில் நின்றால் மட்டும் பொறுமை காக்க. எம்பி4 கோப்பில் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்னும் அட்டவணை பொதுவாகக் கடைசியில்தான் எழுதப்படும். அது எழுதப்படாவிட்டால் முழு வீடியோவும் உள்ளே இருந்தும் பிளேயர் திறக்காது. எனவே, அந்நேரத்தில் மறுதொடக்கவாதிகளைக் கணினி அருகே விடலாகாது.