மாட்சிமை பொருந்திய 17 சதவீதம் அவர்களுக்கு

அனுப்புநர்:
முன்னாள் ஊராட்சி மன்றத் தலைவர்,
வெண்ணாற்றுப் பாசனத்தில் ஓர் ஊர்,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
மாட்சிமை பொருந்திய 17 சதவீதம் அவர்கள்,
நெல் ஈரப்பத உச்சவரம்பு,
முகாம்: டெல்லி.

பொருள்: மழை பெய்வதால் நெல் நனைகிறது என்பது குறித்து.

பார்வை: 1. ஐப்பசி மழை. 2. நவம்பரில் வந்த மறுப்பு. 3. நேற்று இரவு என் மனைவி கேட்ட கேள்வி.

நாள்: 2025 டிசம்பர்.

ஐயா,

இந்தக் கடிதத்தை யாருக்கு எழுதுவது என்று கண்டுபிடிப்பதற்குள் குறுவை முடிந்து சம்பா தூர்கட்டிவிட்டது. கொள்முதல் நிலையத்துப் பட்டியல் எழுத்தரைக் கேட்டேன். "என் கையில என்ன இருக்கு தலைவரே, பதினேழுன்னு போட்டிருக்கு" என்றார். அவருக்கு மேலே இருப்பவர்கள் சென்னையைக் காட்டுகிறார்கள். சென்னை, "நாங்கள் மத்தியத் தொகுப்புக்கு வாங்கிக் கொடுப்பவர்கள்தானே" என்று டெல்லியைக் காட்டுகிறது. டெல்லி தங்களைக் காட்டுகிறது. தங்களுக்கு மேலே யாரும் யாரையும் காட்டவில்லை. ஆகவே, காவிரி டெல்டாவை ஆள்வது தாங்களே என்று தெளிந்து, இடையில் தரகர் யாரும் இல்லாமல் நேரடியாக எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. 'முன்னாள்' என்று போட்டிருப்பதால் தேர்தலில் தோற்றவன் என்று நினைத்துவிட வேண்டாம். 2019 டிசம்பரில் ஜெயித்தேன். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்தது. அதன்பின் தேர்தல் வரவில்லை, தனி அலுவலர் வந்தார். செக்கில் கையெழுத்துப் போடுவது அவர். மோட்டார் பழுது, தெருவிளக்கு எரியவில்லை, மூட்டை நனைகிறது என்று ஆட்கள் வந்து உட்காருவது மட்டும் இன்னும் என் வீட்டுத் திண்ணையில். அந்த வகையில் நானும் தங்களைப் போலத்தான். யாரும் தேர்ந்தெடுக்காமலேயே பதவியில் இருக்கிறேன்.

தங்கள் சபையில் மற்றவர்களையும் நான் அறிவேன். கல், மண்ணுக்கு 1 சதவீதம். பதர், தூசி வகைக்கு 1. சேதமானது, நிறம் மாறியது, முளைவிட்டது, வண்டடித்தது எல்லாம் சேர்த்து 5. முதிராத, சுருங்கிய நெல்லுக்கு 3. மட்ட ரகக் கலப்புக்கு 6. ஆளுக்கொரு எல்லை வைத்திருக்கிறார்கள். ஆனால் மழை நாளில் அவர்கள் பேச்செல்லாம் எடுபடாது. தாங்கள் சொன்னால் நெல் உள்ளே போகும். இல்லையென்றால் வாசலில் கிடக்கும்.

சொந்தப் பகை ஏதும் எனக்கில்லை. ஈர நெல்லைக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறும், அரிசி பழுத்துப்போகும், பூஞ்சணம் பிடிக்கும், அரைத்தால் நொய்தான் மிஞ்சும். எங்கள் பாட்டிகள் இதற்கு ஒரு நெல்லை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பார்கள். 'நறுக்'கென்று உடைந்தால் பத்தாயத்துக்கு, நசுங்கினால் இன்னொரு வெயிலுக்கு. அந்தக் கருவிக்கு பேட்டரி வேண்டாம். ஆனால் அவர்களுக்கு வெயில் வரும்வரை காத்திருக்க ஒரு களமும் பத்தாயமும் இருந்தன. இன்றைக்கு பெல்ட் அறுவடை வண்டியின் தொட்டியிலிருந்து டிப்பர், டிப்பரிலிருந்து நேரே கொள்முதல் நிலைய வாசல். நடுவில் நெல் மூச்சுவிடக்கூட இடமில்லை.

இந்தப் பயிரின் கால அட்டவணையைத் தங்களுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தெரியவில்லை. ஜூன் 12-இல் மேட்டூரைத் திறக்கிறார்கள். தண்ணீர் கடைமடையைத் தொட்டு, நாற்று பறித்து, நட்டு, நூற்றுப்பத்து நாள் ரகம் விளைந்து தலைசாய்க்கும்போது புரட்டாசி முடிந்து ஐப்பசி பிறந்திருக்கும். வடகிழக்குப் பருவமழையும் அன்றைக்குத்தான் படியேறும். இது எங்கள் ஊரில் ஆடு மேய்க்கும் பிள்ளைக்கும் தெரியும். டெல்லிக்கும் தெரியாமல் இல்லை. 2022-இலிருந்து, அக்டோபர் 1-இல் தொடங்க வேண்டிய கொள்முதலை செப்டம்பர் 1-லேயே தொடங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். நாள்காட்டி ஒரு மாதம் நகர்ந்துவிட்டது. தாங்கள் நகரவில்லை. 2022 அக்டோபரில் 19 வரை இறங்கிவந்தீர்கள். அந்தப் பெருந்தன்மையை மறக்கவில்லை. அதற்கே எத்தனை கடிதம், எத்தனை குழு.

இனி தங்கள் தர்பார் நடக்கும் விதம். கைப்பிடி நெல்லை அள்ளி ஈரப்பதமானியின் கிண்ணத்தில் போட்டு மூடியைத் திருகினால் சின்னத் திரையில் எண் தெரியும். குவியலின் மேலே, வெயில் பட்ட பக்கத்தில் அள்ளினால் 17. முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து எடுத்தால் 20. எங்கிருந்து அள்ளுவது என்பது அள்ளுகிறவர் இஷ்டம். ஒரு கொள்முதல் நிலையம், ஊர் பெயர் வேண்டாம், அங்கே 40 கிலோ மூட்டைக்கு நாற்பது ரூபாய் கொடுத்தால் ஈரம் இறங்கிவிடுகிறது. இரண்டு நாள் வெயிலால் ஆகாததை நான்கு பத்து ரூபாய்த் தாள் செய்துவிடுகிறது. வேளாண் பல்கலைக்கழகம் இதை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். எழுத்தரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். பருவகால வேலை, சொற்பச் சம்பளம். வாங்கிய மூட்டை கிடந்து காய்ந்து எடை குறைந்தால் அதை அவர் தலையில்தான் கட்டுவார்கள்.

ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். 22-இல் இருக்கும் 100 கிலோ நெல்லை 17-க்குக் காயவைத்தால் 94 கிலோ நிற்கும். ஏக்கருக்கு 25 குவிண்டால் கண்டவனுக்கு ஒன்றரைக் குவிண்டால் ஆவியாகப் போகிறது. இந்த ஆண்டு பொது ரகத்துக்கு ஆதரவு விலை 2,369, மாநில ஊக்கத்தொகை 131, ஆக 2,500 ரூபாய். அப்படியானால் ஏக்கருக்கு 3,750 ரூபாய் வானத்துக்கு. அது தண்ணீரின் எடைதானே, அதற்கு ஏன் அரசு காசு கொடுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயம். கழித்துக்கொள்ளுங்கள். நாங்கள் தண்ணீரை விற்க வரவில்லை. எடையைக் கழித்துவிட்டு, பெய்கிற மழைக்குள் நெல்லைக் கூரைக்குக் கீழே எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் கேட்பது. காயவைக்க ஆள் கூலி, படுதா வாடகை, ராத்திரிக் காவல் இதெல்லாம் தனி. இந்தத் தீபாவளிக்கு எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர் வெடி வைத்தது குவியலுக்குப் பக்கத்தில் நின்றுதான். அதையும் நெல்லில் பொறி படாமல் பார்த்து வைக்க வேண்டியிருந்தது.

எங்கே காயவைப்பது? என் பதவிக்காலத்தில் ஒரு உலர்களம் கட்டினோம், கல்வெட்டில் என் பெயரும் இருக்கிறது. ஒரே சமயத்தில் ஒரு வீட்டு நெல்லைக் கொட்டலாம், இரண்டாவது வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். மீதிப்பேருக்கு நெடுஞ்சாலைதான். விக்கிரவாண்டி – தஞ்சாவூர் நான்குவழிச் சாலையால் விவசாயிக்கு என்ன பயன் என்று இனி யாரும் கேட்க முடியாது. ஒரு பக்கம் முழுக்க நெல், மறுபக்கம் பஸ். பெண்கள் வெறுங்காலால் நெல்லைக் கிளறிக்கொண்டே போவார்கள். கார்க்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே போவார்கள். மேகம் கறுத்தால் அத்தனையையும் அள்ளிக் குவித்துப் படுதா போட கால் மணி நேரம்கூடக் கிடைக்காது. தூறல் நின்றதும் திரும்ப விரிக்க வேண்டும். இப்படி மூன்று தடவை விரித்து அள்ளிய நெல்லில் முளை எட்டிப்பார்க்கும். அதன்பின் அது தங்கள் அதிகாரத்தில் இல்லை, 5 சதவீதத்தாரின் அதிகாரத்துக்குப் போய்விடும்.

இதுவரை சொன்னது வாங்குவதற்கு முந்தைய கதை. வாங்கியபின் நடப்பது தங்கள் காதுக்கு வந்ததா என்று சந்தேகம். பதினேழுக்குள் இருக்கிறது என்று முத்திரை குத்தி வாங்கிய மூட்டை லாரி வராமல் நிலைய வாசலிலேயே அடுக்கிக் கிடக்கும். 'இயக்கம் இல்லை' என்பார்கள். மேலே தார்ப்பாய், அடியில் சேறு. மழைத்தண்ணீர் அடி மூட்டையில் ஏறும். அந்த ஈரத்தை யாரும் கருவி வைத்து அளப்பதில்லை. விவசாயியின் நெல்லாக இருக்கும்வரை 17.5 என்றாலே குற்றம். அரசின் நெல்லாகிவிட்டால் அது ஊறி முளைத்தாலும் 'இயற்கைப் பேரிடர்'.

இன்னொரு விஷயத்தைத் தங்களிடம் எல்லோரும் மறைத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். மனத்தைத் தேற்றிக்கொண்டு படியுங்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலும் சாப்பிடுவது புழுங்கல் அரிசி. புழுங்கலுக்கு என்ன செய்வார்கள் தெரியுமா? தாங்கள் அரைச் சதவீதத்துக்காக மூன்று நாள் வாசலில் நிறுத்திவைத்த அதே நெல்லை ஆலையில் தொட்டியில் கொட்டித் தண்ணீரில் ஊறவைப்பார்கள். பிறகு அவிப்பார்கள். பிறகு காயவைப்பார்கள். ஆலைக்குப் போகும்வரை கெடாமல் இருக்க வேண்டும், அதற்குத்தான் இந்த வரம்பு என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள், ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் மழைக்காலத்தில் வாசலில் கிடத்தாமல் அதே வாரம் ஆலைக்கு அனுப்பினால் தாங்களே தேவைப்பட மாட்டீர்களே? இதைக் கேட்டால் பதில் வராது, குழுதான் வரும்.

குழு வந்தது. அக்டோபர் கடைசியில் ஒன்றிய அதிகாரிகள் டெல்டாவுக்கு வந்து குவியல் குவியலாகப் பார்த்தார்கள், மாதிரி எடுத்துப் பையில் கட்டினார்கள், எழுதிக்கொண்டார்கள். மரியாதையானவர்கள், சேற்றில் இறங்கவும் தயங்கவில்லை. மாநிலம் கேட்டது 22. நவம்பரில், பிரதமர் கோவைக்கு வந்து இயற்கை வேளாண் மாநாட்டைத் தொடங்கிவைத்த சமயத்தில், முடியாது என்று பதில் வந்தது. அதற்குள் குறுவை நெல்லை வந்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளியவன் தள்ளிவிட்டான். 'முடியும்' என்று வந்திருந்தாலும் அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எனக்கு வருத்தம் பதில் மீதுகூட இல்லை, அது வந்து சேர்ந்த தேதி மீதுதான். நெல் முளைக்க நாலு நாள் போதும்.

ஒன்றிய அரசை மட்டும் சொன்னால் எங்கள் கட்சிக்காரர்கள் கைதட்டுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். செறிவூட்டிய அரிசிமணியை 100 கிலோவுக்கு ஒரு கிலோ கலக்க வேண்டும், அதன் மாதிரிக்கு டெல்லி ஒப்புதல் தருவதில் செய்த தாமதத்தால்தான் ஆலைகளில் அரவை நின்று மூட்டை தேங்கியது என்றார்கள் மாநில அமைச்சர்கள். இருக்கலாம். ஆனால் ஐப்பசியில் மழை வரும் என்பதற்கு டெல்லியின் ஒப்புதல் வேண்டியதில்லையே? சாக்கு, சணல், தார்ப்பாய், லாரி டெண்டர் எல்லாம் சென்னையின் வேலைதானே? இரண்டு அரசும் எறிபந்து ஆடுகிற மைதானத்தில்தான் எங்கள் மூட்டை அடுக்கியிருக்கிறது.

இந்த மாதம் நாடாளுமன்றத்தில் 100 நாள் வேலைக்குப் பதிலாக 125 நாள் என்று புதுச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. செலவில் 40 சதவீதம் மாநிலத்தின் தலையில் என்பது பற்றி வேறு கடிதம் எழுத வேண்டும். இங்கே ஒன்றை மட்டும் சொல்கிறேன்: விதைப்பு, அறுப்பு மும்முரத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கலாம், எந்த நாள்கள் என்பதை மாநிலம் அறிவிக்கலாம் என்று அதில் இருக்கிறது. ஊருக்கு ஊர் அறுப்புக் காலம் மாறும் என்பது ஏழைக்கூலியை நிறுத்துகிற சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. நெல்லை வாங்குகிற தங்களுக்குத்தான் தெரியவில்லை.

என் மனைவி கேட்ட கேள்விக்கு வருகிறேன். "பஞ்சாப்புக்கும் பதினேழு, நம்ம ஊருக்கும் பதினேழா? அங்க அறுக்கறப்பவும் இப்படித்தான் ஊத்துதா?" என்றாள். பதில் தெரிந்தும் சொல்லவில்லை. தலைவராக இருந்தவன் வீட்டில் வாய் கொடுக்கக்கூடாது.

கிராமசபை கூட்டினால் தீர்மானம் போட்டு அனுப்பியிருப்பேன். இப்போது அதற்கும் தனி அலுவலர் வர வேண்டும். அதனால் திண்ணையில் பேசி முடிவானதை எழுதுகிறேன். அளவுக்கு மேல் மழை பெய்த வாரத்தில், அந்த மாவட்டத்துக்கு மட்டும், 22 வரை வாங்க மாவட்ட ஆட்சியரும் இந்திய உணவுக் கழகத்தின் உள்ளூர் அதிகாரியும் சேர்ந்து அன்றைக்கே கையெழுத்துப் போடட்டும். கூடுதல் ஈரத்துக்கு எடையைக் கழிக்கட்டும், கழிக்கும் கணக்கைப் பலகையில் எழுதி வைக்கட்டும். நாலைந்து நிலையத்துக்கு ஒரு உலர்த்தும் இயந்திரம் நிற்கட்டும். மாதிரியை எங்கிருந்து அள்ள வேண்டும் என்பதையும் அதே பலகையில் எழுதலாம், பெயின்ட் செலவு என்னுடையது.

டிட்வா புயலில் மூழ்கி எழுந்த சம்பா மிச்சமிருப்பது தையில் அறுப்புக்கு வரும். அதற்குள் பதில் வந்தால் சௌகரியம். ஊராட்சி அலுவலக முகவரிக்கு அனுப்ப வேண்டாம். ஊராட்சி ஒன்றியத்தின் அத்தனை ஊராட்சிக்கும் ஒரே தனி அலுவலர் என்பதால் எங்கள் தபால் என்றைக்குப் பிரியும் என்று சொல்ல முடியாது. கடைத்தெரு டீக்கடைக்கு அனுப்புங்கள், எனக்கு முன்னால் ஊர் படித்துவிடும்.

இப்படிக்கு,
தோற்காமலே முன்னாள் ஆனவன்.

நகல்: இந்திய வானிலை ஆய்வு மையம். தையில் மழை உண்டென்றால் எங்களுக்குச் சொல்வதோடு பெறுநருக்கும் ஒரு பிரதி அனுப்பும்படி.