நாய் என்று நினைத்தேன், எசமான்

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை நமக்குத் தெரியும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் அழுகிற வேலை வேட்டைக்காரனுக்கு மாறிவிட்டது. எல்க் மான் செத்துப்போகிறதே என்று முப்பது வருடமாக அழுகிறான். யார் கொன்றது என்று கேட்டால் ஓநாயைக் கைகாட்டுகிறான்.

இந்த வழக்கில் அவனுக்காகப் பேச ஆளில்லை. விஞ்ஞானிகள், பள்ளிப் பிள்ளைகள், டிவிக்காரர்கள் எல்லோரும் ஓநாய் கட்சி. அதனால் நான் வக்காலத்து போடுகிறேன். கவட்டையால் ஓணான் அடித்ததுதான் என் மொத்த வேட்டை அனுபவம், ஓணானும் தப்பித்துவிட்டது. ஆகவே ஃபீஸ் வாங்கப் போவதில்லை.

கனம் கோர்ட்டார் அவர்களே, என் கட்சிக்காரன் கேட்பது ஒன்றுதான்: முதலில் கூப்பிட்டு வேலை கொடுத்தது யார்?

1884-இல் மொன்டானா அரசு ஓநாய்த் தலைக்கு ஒரு டாலர் பரிசு அறிவித்தது. காட்டெருமைகளை மனிதர்கள் சுட்டுத் தீர்த்திருந்தார்கள். அந்தப் புல்வெளியில் மாடுகளை மேயவிட்டார்கள். ஓநாய் மாட்டைத் தின்றது. வேறு என்ன செய்யும், கீரை ஆயுமா? தோல்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. தாய் ஓநாயைச் சுடாமல் விட்டுவிட்டு, வருடா வருடம் குட்டிகளை மட்டும் எடுத்துக் காசாக்கிய கெட்டிக்காரர்களும் உண்டு. அது வேட்டை இல்லை, வட்டித் தொழில்.

துப்பாக்கி போதவில்லை, விஷம் போதவில்லை. 1905-இல் மொன்டானா சட்டமன்றம் கூடி யோசித்து ஒரு சட்டம் போட்டது. அரசாங்கக் கால்நடை மருத்துவர் ஓநாய்களைப் பிடிக்க வேண்டும், சொறி நோயை ஏற்ற வேண்டும், திரும்ப விட்டுவிட வேண்டும். அவை போய்ச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஒட்டவைக்கும் என்பது கணக்கு. படித்து வந்த மருத்துவருக்கு, ஆரோக்கியமான மிருகத்துக்கு வியாதி கொடுக்கும் உத்தியோகம். நான் கற்பனை செய்யவில்லை, சட்டப் புத்தகத்தில் இருந்தது. நூறு வருடம் கழித்து யெல்லோஸ்டோன் ஓநாய்களுக்குச் சொறி கண்டபோது விஞ்ஞானிகள் கவலைப்பட்டார்கள். அது அந்தக் காலத்து அரசாங்கச் சொத்து என்பது பலருக்கு மறந்துபோயிருந்தது.

யெல்லோஸ்டோன், 1872-இல் உண்டான தேசியப் பூங்கா. விலங்குகளைக் காப்பாற்றுகிற இடம். காப்பாற்றினார்கள், ஓநாயைத் தவிர. 1914 முதல் 1926 வரை பூங்காவுக்குள்ளேயே குறைந்தது 136 ஓநாய்கள் கொல்லப்பட்டன. கடைசியாக 1926-இல் செத்தவை இரண்டு குட்டிகள். கொன்றது என் கட்சிக்காரன் இல்லை, சம்பளம் வாங்கிய ரேஞ்சர்கள். பதிவேட்டில் குறித்துக்கொள்ளவும்.

பிறகு எல்க்கின் பொற்காலம். பகைவன் இல்லாத ஊரில் எல்க் பெருகியது, ஆற்றோரத்து வில்லோ மரக்கன்றுகளை மொட்டையடித்தது. கூட்டத்தைக் குறைக்க வேண்டும் என்று முடிவானது. அப்போதாவது வேட்டைக்காரனைக் கூப்பிட்டார்களா? பூங்காவுக்குள் வேட்டைக்கு அனுமதி கிடையாது என்று அவனை வெளியே நிறுத்திவிட்டு ரேஞ்சர்களே சுட்டார்கள். 1961-62 குளிர்காலத்தில் மட்டும் நாலாயிரத்துக்கும் மேல். கல்யாண மண்டப வாசலில் பசியோடு நிற்கிறவன் கண்ணெதிரே பரிமாறுகிறவர்களே உட்கார்ந்து பந்தியைக் காலி செய்தால் எப்படி இருக்கும்? போட்ட கூச்சலில் 1967-இல் செனட் விசாரணை வரை போனது. ரேஞ்சர்கள் துப்பாக்கியை வைத்துவிட்டார்கள். பனிக்காலத்தில் கார்டினர் ஊர்ப்பக்கம் இறங்கி எல்லை தாண்டும் எல்க்குகள் வேட்டைக்காரனுக்கு என்று ஆயிற்று. பூங்கா எல்லைக்கு வெளியே ஃப்ளாஸ்க்கில் காப்பியோடு காத்திருக்கலாம். ஒன்றை வீழ்த்தினால் குளிர்காலம் முழுக்க ஃப்ரீசரில் கறி. இதற்குப் பெயர்தான் சொர்க்கம்.

இந்தச் சொர்க்கத்துக்கு உலை வைத்தவன் எங்கள் ஆளே. ஆல்டோ லியோபோல்ட், வனத்துறை அதிகாரி, நல்ல வேட்டைக்காரர். 1909-இல் அரிசோனாவில் ஒரு தாய் ஓநாயைச் சுட்டார். ஓநாய் குறைந்தால் மான் பெருகும், மான் பெருகினால் வேட்டைக்காரனுக்குக் கொண்டாட்டம் என்பது அன்றைக்கு அவர் கொள்கை. அது சாகும்போது அதன் கண்ணைப் பார்த்தார், ஏதோ உறைத்தது, பிற்காலத்தில் எழுதிவிட்டார். யெல்லோஸ்டோனில் ஓநாயைத் திரும்ப விடலாமே என்று 1944-இலேயே கேட்டவரும் அவர்தான். சுட்டால் சுட்டோம் என்று வர வேண்டும். கண்ணையெல்லாம் போய்ப் பார்க்கக் கூடாது.

1995 ஜனவரி 12. கனடாவின் ஆல்பர்ட்டாவில் பிடித்த ஓநாய்கள் கூண்டில் அடைபட்டுப் பூங்காவின் கல் வளைவு வழியாக ஊர்வலமாக வந்தன. வழியில் பள்ளிப் பிள்ளைகள் நின்று வரவேற்றார்கள். உள்துறை அமைச்சர் புரூஸ் பாபிட் தானே ஒரு கூண்டுக்குத் தோள் கொடுத்தார். நம் ஊரில் அமைச்சர் வந்தால் மற்றவர்கள்தான் தூக்குவார்கள். அதற்குள் விவசாயிகள் சங்கம் தடை வாங்கிவிட்டது. ஓநாய்கள் கூண்டுக்குள்ளேயே ஒரு நாளுக்கும் மேல் கிடந்தன. கோர்ட்டு என்றால் என்ன என்று அவற்றுக்கு முதல் நாளே புரிந்திருக்கும்.

பத்து வாரம் வேலிக்குள் வைத்து, மார்ச்சில் கதவைத் திறந்தார்கள். ஒன்றைத் தவிர எதுவும் வெளியே வரவில்லை! மனிதர்கள் வந்துபோகும் வாசலை நம்ப அவை தயாராக இல்லை. கடைசியில் வேலியின் பின்பக்கம் ஓட்டை போட்டு, வெளியே மான் பிணத்தை வைத்து ஆசை காட்ட வேண்டியிருந்தது. பழைய வரலாற்றை நம்மைவிட அவை நன்றாகப் படித்திருந்தன.

நம்பியது ஒன்று மட்டும்தான், பத்தாம் எண் ஆண். அது தன் கர்ப்பிணி ஜோடியோடு ரெட் லாட்ஜ் ஊர்ப்பக்கம் போனது. ஏப்ரல் 24 அன்று ஒருவர் சுட்டார். தலையையும் தோலையும் எடுத்துக்கொண்டு போனார். பிடிபட்டதும், நாய் என்று நினைத்தேன் என்றார். நாயைச் சுட்டால் பரவாயில்லையா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆறு மாதத் தண்டனை. பெண் ஓநாய் எட்டுக் குட்டி போட்டது. எட்டையும் தாயையும் பூங்காவுக்கே கொண்டுபோய் வளர்த்தார்கள். ஆனால் நாய் என்று நினைத்த வாதம் வீண்போகவில்லை. சுட்டவருக்கு அது ஓநாய்தான் என்று தெரிந்திருந்ததை நிரூபிக்க முடிந்தால்தான் வழக்கு என்று 1999-இல் நீதித்துறை முடிவெடுத்தது. அன்றிலிருந்து மங்கலான பார்வை ஒரு சட்டப் பாதுகாப்பு.

இனி எல்க் கணக்கு. இது என் கட்சிக்குக் கொஞ்சம் சிக்கல், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஓநாய் வரும்போது வடக்கு மந்தையில் சுமார் 19,000 எல்க். 2013 வாக்கில் நாலாயிரத்தைச் சுற்றி. பார்த்தீர்களா! கரடி, மலைச்சிங்கம், வறட்சி இவையும் சேர்ந்தன என்று எதிர்த்தரப்பு சொல்லும். கார்டினர் வேட்டையில் சில வருடங்கள் ஆயிரத்துக்கும் மேல் விழுந்தது என்றும் சொல்லும். போதாக்குறைக்கு வயதுக் கணக்கு வேறு: ஓநாய் அடித்த பெண் எல்க்குகளுக்குச் சராசரி வயது பதினான்கு, வேட்டைக்காரன் சுட்டவற்றுக்கு ஆறரை. ஓநாய் பாட்டிகளைக் கொண்டுபோனது. நாம் பிள்ளை பெறும் மருமகள்களைக் கொண்டுவந்தோம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வாய்தா கேட்கிறேன்.

உண்மையான வருத்தம் வேறு. முன்பு எல்க் ரோட்டோரப் புல்வெளியில் கன்னுக்குட்டி மாதிரி நின்றது. ஓநாய் வந்த பிறகு அதற்குப் புத்தி வந்துவிட்டது, மரத்துக்குள் ஒதுங்குகிறது. இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது, ஐயா. முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

கடைசியில் எங்கள் காலமும் வந்தது. பக்கத்து ஐடஹோ மாநில ஆளுநர், முதல் ஓநாய் வேட்டைச் சீட்டுக்கு நானே ஏலம் கேட்பேன் என்று 2007-இல் சொல்லிவைத்திருந்தார். 2009-இல் அங்கே வேட்டை திறந்தது. சீட்டு 11.50 டாலர். முப்பதாயிரம் பேருக்கு மேல் வாங்கினார்கள். ஏழு மாதம், மலை மலையாக. விழுந்த ஓநாய் இருநூறுகூட இல்லை. மீதிப்பேர் எதைப் பார்த்து என்ன நினைத்தார்களோ, யாரும் வாயைத் திறக்கவில்லை.