மணிக்குச் சட்டி, கோகோவுக்குத் தராசு

எங்கள் தென்காசி வீட்டில் மணி என்றொரு நாய் இருந்தது. ராஜபாளையமும் இல்லை, சிப்பிப்பாறையும் இல்லை; தெருவில் பிறந்து எங்கள் திண்ணையில் தங்கிவிட்ட செவலை. அதற்குச் சோறு வைப்பது யார் பொறுப்பு என்று 70களில் கேட்டிருந்தால் வீட்டில் எல்லோரும் விழித்திருப்பார்கள். கடைசிப் பந்தி முடிந்ததும் அம்மா மிச்சச் சோற்றைப் பின்வாசலில் வாய் உடைந்த சட்டியில் கொட்டி, மீன் குழம்புச் சட்டியை அலசிய தண்ணீரை மேலே ஊற்றுவாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டு எலும்பு, நாங்கள் உறிஞ்சித் துப்பியது. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கலாம், வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும் என்பதெல்லாம் மணிக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஒருநாள் அது சட்டியை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. நான் பதறினேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “பசிச்சா தானா திங்கும்ல. நீ போய்ப் படி.”

உப்புமாவுக்கு முகம் சுளித்த எனக்கும் அதே சட்டம்தான்.

இப்போது சென்னை அடுக்ககத்தில் கோகோ இருக்கிறாள். ஷிட்சு, எடை ஐந்து கிலோ. மணியை ‘அது’ என்று எழுதிய கை இவளுக்கு ‘அவள்’ போடுகிறது. வேறு மாதிரி எழுதினால் மகள் சண்டைக்கு வருவாள். சமையலறையில் ஒரு மின்தராசு. உடல் எடையில் நூற்றுக்கு இரண்டிலிருந்து மூன்று பங்கு, அதாவது தினம் 100 முதல் 150 கிராம் பச்சைக்கறி என்பது மகளின் கணக்கு. அதில் 80 பங்கு சதை, 10 எலும்பு, 10 உள்ளுறுப்பு. உள்ளுறுப்பில் பாதி ஈரலாக இருக்க வேண்டும். இது ராத்திரிக்கு. காலையில் கிபிள் என்கிற உலர் தீவன உருண்டை, அதற்குத் தனி அளவு. இரண்டையும் ஒரே கிண்ணத்தில் போடக் கூடாதாம், செரிக்கும் வேகம் வேறாம்.

“நாய் ஓநாய் வம்சம்ப்பா” என்பாள் மகள். 1993இல் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் எழுதிய புத்தகத்தோடு பரவிய பேச்சு இது. மாவுச்சத்தைச் செரிக்க வைக்கும் மரபணு ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு பெருகியிருப்பதாக 2013இல் ஓர் ஆய்வு வந்தது. மனிதன் வீசிய மிச்சத்தைத் தின்றே நாய் நாயாகியிருக்கலாம் என்பது அதன் சாரம். சட்டிச் சோறு தின்ற மணிக்கு அறிவியல் இப்படிக் காலம் கடந்து சான்றிதழ் கொடுத்தது. அதை எடுத்துச் சொன்னேன். “கோகோ சோறு சாப்பிட மாட்டாப்பா” என்று பேச்சு முடிந்தது.

கோகோ எதைத்தான் சாப்பிடுகிறாள்? ஒரு கிபிள் உருண்டையை வாயில் கவ்வி, ஹால் மிதியடிவரை நடந்து வந்து, அங்கே வைத்து நக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவாள். ஈரலை மூக்கால் தள்ளுவாள். கோழிக் கழுத்து என்றால் ஒரு முனையை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் அவளும் விட்டுவிடுவாள். பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பவள், எண்பதை நெருங்கும், மூட்டுவலிக்காரியான எங்கள் அம்மா. “ஏட்டி, ஒரு வாய் தின்னுட்டி என் தங்கம்.” இந்தக் குரலை நான் என் சிறுவயதில் கேட்டதே இல்லை.

கறிக்கடை பாய் முதலில், “நாய்க்குன்னா காலு, தலை அள்ளிப் போடறேன், சும்மாவே எடுத்துக்குங்க” என்றார். இப்போது தொடைக்கறி எலும்பில்லாமல் அவளுக்கு, நெஞ்செலும்பும் முதுகும் எங்கள் குழம்புக்கு. நான் கறி வாங்கப் போனால், “பாப்பாவுக்கா, வீட்டுக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் கத்தியை எடுக்கிறார்.

இரண்டு நாள் கிண்ணத்தைத் தொடவில்லை என்று கோகோவை மருத்துவரிடம் கொண்டுபோனோம். ஆட்டோவில் அம்மாவும் ஏறிக்கொண்டாள். எடை போட்டார்கள்: முந்நூறு கிராம் கூடியிருந்தது. சாப்பிடாத நாய் எப்படிப் பெருக்கும் என்று கேட்டார் மருத்துவர். மகள் என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் சேலை முடிச்சில் எப்போதும் நாலு மேரி பிஸ்கட் இருக்கும்.

பச்சைக்கறியில் சால்மொனெல்லா இருக்கலாம், ஃப்ரீசரில் வைத்தாலும் சாகாது, பெரியவர்கள் இருக்கிற வீட்டில் கை கழுவுவது முக்கியம் என்றார். நாய்க்குக் குறை ஒன்றுமில்லை. கெஞ்சினால் இதைவிட நல்லது வரும் என்று கற்றுக்கொண்டிருக்கிறது. கிண்ணத்தை வைத்து இருபது நிமிடம் பாருங்கள், தொடாவிட்டால் எடுத்துவிடுங்கள், அடுத்த வேளைவரை வேறெதுவும் கிடையாது. “பசிச்சா தானா சாப்பிடும்மா.” கட்டணம் அறுநூறு ரூபாய்.

வெளியே வந்ததும் அம்மா கோகோவை என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

“பச்சப் புள்ளயப் பட்டினி போடச் சொல்லுதான். இவன்லாம் ஒரு டாக்டரா? வேற ஆளப் பாருல.”