பாட்ஷா பாயிடம் லைட் பில் இருக்கிறதா?

தமிழ் சினிமா நாயகனுக்குக் காதல் வந்தால் சுவிட்சர்லாந்துக்குப் போவான். பிளாஷ்பேக் வந்தால் பம்பாய்க்கு வருவான். ஆட்டோ ஓட்டிக்கொண்டு, அடித்தால் வாங்கிக்கொண்டு, தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு இருக்கிற ஒரு பரமசாது திடீரென்று கண்ணை உருட்டினால், அவன் எங்கள் ஊரில் கொஞ்ச காலம் குப்பை கொட்டியிருக்கிறான் என்று அர்த்தம். 1987-இல் ‘நாயகன்’, 1995-இல் ‘பாட்ஷா’, 2013-இல் ‘தலைவா’, 2014-இல் ‘அஞ்சான்’, 2018-இல் ‘காலா’, 2022-இல் ‘வெந்து தணிந்தது காடு’ என்று வண்டி வண்டியாக வந்து இறங்கியிருக்கிறார்கள். தாதர் எக்ஸ்பிரஸில் இத்தனை பேருக்கும் ரிசர்வேஷன் எப்படிக் கிடைத்தது என்பதுதான் எந்தப் படத்திலும் அவிழாத மர்மம்.

நான் மாட்டுங்கா லேபர் கேம்ப்காரன். இந்தப் படங்களால் எங்களுக்கு ஒரே ஒரு லாபம் உண்டு. லீவுக்குத் திருநெல்வேலிப் பக்கம் போகும்போது, “தாராவிப் பக்கம்” என்று வாயைத் திறந்தாலே டீக்கடை பெஞ்சில் இருக்கிறவர் நகர்ந்து இடம் விடுவார். ஒரு மாமா காதோடு காதாகக் கேட்டார்: “மாப்ள, உங்க பக்கம் இப்ப யாரு பெரிய கை?” யோசித்துப் பார்த்தேன். எங்கள் கல்லியே நடுங்குகிற ஒரே ஆள், தண்ணீர் மோட்டார் சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிற ஆத்தாதான். அவள் முறைத்தால் ஒரு வரிசைக்கே அன்றைக்குக் குளியல் கிடையாது. அதைச் சொல்லிக் கிடைத்த இடத்தைக் கெடுத்துக்கொள்வானேன் என்று, “அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது மாமா” என்று முடித்துக்கொண்டேன். மாமா மரியாதையோடு இன்னொரு டீ சொன்னார்.

நிஜத்தில் எங்கள் ஆட்கள் தோல் பட்டறையில் நின்றார்கள். மாநகராட்சித் துப்புரவு வேலைக்குப் போனார்கள். விடியும் முன் இட்லி அவித்து, அண்டாவைச் சைக்கிளில் கட்டி, ஊர் முழுக்க விற்றார்கள். சினிமாவிலும் இவர்கள் வருவார்கள். தாதா வீட்டு வாசலில் கை கட்டி நிற்கிற கூட்டமாக. அன்றைய இட்லியை யார் அவித்தார்கள் என்று இயக்குநர் கேட்க மாட்டார்.

எங்களை வைத்துப் படம் எடுத்தவர்கள் எங்கள் நடுவில் நெடுநாள் தங்கியதும் இல்லை. ‘நாயகன்’ படத்துக்குத் தோட்டா தரணி தாராவியைச் சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் எழுப்பினார். முப்பது வருஷம் கழித்து ‘காலா’வுக்கும் சென்னையில் ஒரு தாராவி எழும்பியது. நாங்கள் பிழைப்புக்காகத் தமிழ்நாட்டை விட்டுத் தாராவிக்கு வந்தோம். தாராவி பிழைப்புக்காகத் தமிழ்நாட்டுக்குப் போகிறது.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அசல் கல்லியில் சண்டைக் காட்சி எடுக்கவே முடியாது. ஒரு பக்கம் தண்ணீர் டிரம், மறுபக்கம் கேஸ் சிலிண்டர், நடுவில் ஓடுகிற சாக்கடை மேல் போட்ட பலகை. எதிரில் ஆள் வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பி வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும். முப்பது அடியாட்கள் நாயகனைச் சுற்றி வளைக்க இடம் ஏது? வரிசையில்தான் வர வேண்டும். அடியாட்கள் ஏன் ஒவ்வொருத்தராக வந்து அடி வாங்குகிறார்கள் என்று உலகமே கேலி செய்கிறது. லேபர் கேம்ப்பில் அது யதார்த்தவாதம். நடுவில் புகுந்தால், “லைன்ல வாப்பா” என்று பின்னால் நிற்கிறவனே சட்டையைப் பிடிப்பான். உதை வாங்கிய ஆள் இருபது அடி பறந்து விழுந்தால் வில்லன் காலடியில் விழ மாட்டான்; கவிழ்த்த மூங்கில் கூடை மேல் காய்கிற அப்பளத்தில் விழுவான். அதற்குப் பிறகு நடக்கிற சண்டையில் நாயகனுக்கு வேலை இல்லை. அப்பளக்கார அக்கா பார்த்துக்கொள்வாள்.

வில்லன் கோஷ்டி வருகிற டாடா சுமோவும் உள்ளே நுழையாது. ஸ்கூட்டரை எடுக்கச் சொல்லி ஹாரன் அடித்து அடித்தே ஆவேசம் ஆறிப்போய்விடும். சுமோ என்றதும் ஜப்பான் மல்யுத்த வீரரை நினைத்துக்கொண்டிருப்பீர்கள். சுமந்த் மூல்காவ்கர் என்கிற மரியாதைக்குரிய டாடா அதிகாரியின் பெயரிலிருந்து எடுத்தது அது. 1994-இல் வந்த வண்டி, தமிழ் சினிமாவில் மல்லாந்து, பறந்து, வெடித்து, 2019-இல் தயாரிப்பு நின்று ஓய்வு பெற்றது. அந்த உழைப்புக்கு யாரும் விருது கொடுக்கவில்லை.

சண்டைப் படத்தைக் கேலி செய்வது என்றால் என்னவென்று எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் சித்தப்பா. மாநகராட்சி வேலை. சாயந்திரமானால் வீடியோ பார்லர். தகரக் கூரை, மெல்லச் சுற்றுகிற பேன், பாதித் தலையை மறைக்கிற தூண். நாயகன் வருகிறபோது முதல் விசில் அவருடையது. அவன் பேசத் தொடங்கியதும் முதல் குத்தலும் அவருடையது. குண்டடிபட்ட நண்பன் நாயகன் மடியில் கிடந்து, குடும்பத்தை ஒப்படைத்து, துரோகியின் பெயரைப் பாதி சொல்லி இழுத்துக்கொண்டிருப்பான். பார்லரே மூக்கை உறிஞ்சும். சித்தப்பா இருட்டிலிருந்து குரல் கொடுப்பார்: “ஏல, பக்கத்துலதான சயான் ஆஸ்பத்திரி இருக்கு. பேசுன நேரத்துக்கு டாக்ஸி பிடிச்சிருந்தா இந்நேரம் கேஸ் பேப்பர் எடுத்திருக்கலாம்லா!” அழுதவர்களே சிரிப்பார்கள். மறுநாளும் அதே படத்துக்குப் போவார், அதே இடத்தில் விசில் அடிப்பார். நம்பாமல் அடிக்கிற விசில் அல்ல அது. இரண்டும் அவருக்கு ஒன்றாகவே வரும்.

2010 ஜனவரி 29-இல் சி.எஸ்.அமுதனின் ‘தமிழ்ப் படம்’ வந்தது. சித்தப்பா பார்த்துவிட்டு, “இதத்தானல நான் இத்தன வருஷமா சும்மா சொல்லிட்டிருந்தேன். இவன் துட்டு பாத்துட்டான்” என்றார். சினிமாப்பட்டி என்று ஒரு கிராமம். அங்கே ஆண் குழந்தை பிறந்தால் கள்ளிப்பால். வளர்ந்தால் சினிமாவில் ஹீரோ ஆகிவிடுமே! தப்பிய ஒரு குழந்தை பாட்டியோடு கூட்ஸ் வண்டியில் சென்னைக்கு வருகிறது. எப்போது பெரியவன் ஆவேன் என்று கேட்கிற பையனைச் சைக்கிள் மிதிக்கச் சொல்கிறாள் பாட்டி. மிதிக்க மிதிக்க ஹீரோ சிவா ஆகிவிடுகிறான். கூடப் படிக்கிற இளைஞர்கள் வெண்ணிற ஆடை மூர்த்தி, எம்.எஸ்.பாஸ்கர், மனோபாலா. ஒரே பாட்டில் கோடீஸ்வரன். ஊரை ஆட்டிப்படைக்கிற ‘டி’ என்கிற மர்மத் தாதா யாரென்று பார்த்தால், பேரன் பேர் வாங்குவதற்காக அத்தனையும் செய்த பரவை முனியம்மா பாட்டி!

இதில் கவனிக்க வேண்டியது சிவாவின் முகம். படம் முழுக்க அந்த மனிதர் சிரிக்கவே மாட்டார். தான் நிஜமாகவே ஊரைக் காக்கப் பிறந்தவன் என்கிற நம்பிக்கை கண்ணில் கடைசிவரை இருக்கும். பகடி நிற்பது அந்த ஒரு காலில்தான். ‘வின்னர்’ (2003) படத்தில் வடிவேலுவின் கைப்புள்ளயும் அப்படியே. வருத்தப்படாத வாலிபர் சங்கத்தின் தலைவன் அடி வாங்கித் திரும்புகிறபோதும் போருக்குப் போய் வருகிற நடை குறையாது. அந்த நடையைப் பார்த்த பிறகு, நிஜ ஹீரோ கேமராவை நோக்கி நடந்து வந்தாலும் எனக்குக் கைப்புள்ளதான் தெரிகிறார்.

சிரிக்காதவர்களுக்கு ஒரு சங்கம் வைத்தால் தலைவர் பதவி நாசருக்குத்தான். ‘நாயகன்’ படத்தில் வேலு நாயக்கரின் மகளைக் கட்டிக்கொண்ட போலீஸ் அதிகாரி அவர். சிரிப்புக்கு வேலையே இல்லாத பாத்திரம். பிறகு 2006-இல் ‘இம்சை அரசன் 23-ம் புலிகேசி’யில் சதி செய்கிற ராஜகுரு, 2009-இல் ‘குவிக் கன் முருகன்’ படத்தில் உலகையே அசைவ தோசை தின்னவைக்கத் துடிக்கிற ரைஸ் பிளேட் ரெட்டி, 2010-இல் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ படத்தில் கௌபாய்களை மிரட்டுகிற கிழக்குக்கட்டை. மாலை போட்ட சரித்திரப் படம், தொப்பி போட்ட வெஸ்டர்ன் என்று எதைக் கேலி செய்தாலும் இவரையே கூப்பிட்டிருக்கிறார்கள். அசல் படத்தில் எப்படி முறைத்தாரோ அதே முறைப்பு. சம்பளம் வாங்குகிறபோதாவது சிரித்திருப்பார் என்று நம்புகிறேன்.

‘குவிக் கன் முருகன்’ எங்களுக்குக் கொஞ்சம் இடிக்கிற படம். நெற்றியில் விபூதி, இடுப்பில் துப்பாக்கி வைத்த சைவக் கௌபாய் 90-களில் சேனல் வி விளம்பரமாக வந்தவன். 2007-இல் ‘ஓம் சாந்தி ஓம்’ படத்தில் ஷாருக் கான் இதே மாதிரி வேஷம் கட்டிப் பொம்மைப் புலியோடு உருண்டார். மும்பை சிரித்தது. மறுநாள் கல்லூரியில் எங்கள் பையன்களைப் பார்க்கிறவனெல்லாம் “மைண்ட் இட்!” என்று கத்தினான். கிண்டல் கோபம் மூட்டவில்லை. பாடத்தைப் படிக்காமல் பரீட்சை எழுதியதுதான் எரிச்சல். அவன் ஒரு ரஜினி படத்துக்காவது விடிகாலைக் காட்சிக்கு அரோரா தியேட்டர் வாசலில் நின்றிருக்கிறானா? கட் அவுட்டுக்கு ஊற்றிய பால் சட்டையில் தெறித்து, அந்த வாடையோடு வேலைக்குப் போயிருக்கிறானா? போயிருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் கேலி செய்யட்டும். நாமும் சேர்ந்து சிரிக்கலாம்.

உள்ளேயிருந்து செய்தால் எடுபட்டே தீரும் என்றும் சொல்வதற்கில்லை. ‘டை ஹார்ட்’ எடுத்த ஜான் மெக்டியர்னனே 1993-இல் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெக்கரை வைத்து ‘லாஸ்ட் ஆக்‌ஷன் ஹீரோ’ எடுத்தார். சினிமா போலீஸ்காரன் திரையை விட்டு நிஜ உலகத்துக்கு வந்து, இங்கே அடித்தால் கை வலிக்கிறதே என்று திகைக்கிற கதை. அருமையான யோசனை. ‘ஜுராசிக் பார்க்’ வந்த அடுத்த வாரம் வெளியிட்டார்கள். டைனோசர் மிதித்துவிட்டுப் போய்விட்டது.

எங்கள் மகாராஷ்டிராவிலேயே மாலேகாவ் என்கிற ஊர் இந்த மாதிரிப் பகடியைக் காசில்லாமல் சாதித்தது. வீடியோ பார்லர் நடத்திய நாசிர் ஷேக், உள்ளூர் ஆட்களை வைத்து ‘ஷோலே’யை மாலேகாவ் கணக்கில் எடுத்தார். பிறகு சூப்பர்மேனையும் இழுத்துவந்தார். ஊதினால் பறந்துவிடுவார் போலிருக்கிற விசைத்தறித் தொழிலாளிதான் அந்த சூப்பர்மேன். பறக்க வைப்பதில் தயாரிப்பாளருக்குச் செலவு மிச்சம்.

‘தமிழ்ப் படம் 2’ 2018 ஜூலை 12-இல் வந்தது. ‘காலா’ வந்து ஒரு மாசமும் சில நாளும், அவ்வளவுதான் இடைவெளி. இப்போதெல்லாம் அந்த இடைவெளியும் இல்லை. முதல் காட்சி இடைவேளையிலேயே மீம் வந்துவிடுகிறது. ஹீரோக்களும் உஷாராகிவிட்டார்கள், நம்மை முந்திக்கொண்டு தங்களைத் தாங்களே கிண்டல் செய்துகொள்கிறார்கள். கண்ணடித்துக்கொண்டே அடிக்கிறார்கள். சித்தப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. “அவனும் சிரிச்சா நான் எதப் பாத்துல சிரிக்க?” என்கிறார். நியாயம்தான்.

ஆகவே அடுத்த பகடிக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். தாராவி மறுசீரமைப்புக் கணக்கெடுப்புக்காக எங்கள் பக்கம் கதவுக்குக் கதவு நம்பர் போட்டுக்கொண்டு போனார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்னாலிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பதற்கு ஆதாரம் காட்டினால் 350 சதுர அடி வீடு இலவசம். பிந்தி வந்தவர்களுக்கும் மாடிக்காரர்களுக்கும் வேறு கணக்கு. இந்தக் கணக்கெடுப்பு கிளார்க்கின் மேஜைக்கு முன்னால் நம் தாதாக்கள் அத்தனை பேரும் கோப்போடு வரிசையில் நிற்கிறார்கள்.

பாட்ஷா பாய் கோட்டைச் சரிசெய்துகொண்டு கண்ணை உருட்டுகிறார். பின்னால் இடி இடிக்கிறது. கிளார்க் நிமிராமல் கேட்கிறார்: “லைட் பில் இருக்கா?” பாய் பிளாஷ்பேக்கைத் தொடங்குகிறார். “வாய்மொழி செல்லாது. ஜெராக்ஸ் ரெண்டு செட்.” 2014-இல் வந்த அஞ்சான் ராஜு பாயைப் பார்த்ததுமே, “நீங்க ரொம்ப லேட்டு” என்று கோப்பை மூடிவிடுகிறார். வேலு நாயக்கர் 1987-க்காரர், தேதியில் பழுதில்லை. ஆனால் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டதால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும். அதோடு மகளும் மருமகனும் வந்து நிற்கிறார்கள்.

மருமகன் வேஷம் நாசருக்கு ஏற்கெனவே ஒதுக்கியாயிற்று. கிளார்க் வேஷத்தையும் அவருக்கே கொடுக்கச் சொல்வேன். சிரிக்காமல் லைட் பில் கேட்கத் தமிழ் சினிமாவில் வேறு ஆள் கிடையாது.