நீரை நடத்தும் மின்சாரம்

கேள்வி: ரோமத்தினும் மெல்லிய கண்ணாடிக் குழாயில் நீரை நிரப்பி இரு முனைகளிலும் மின்னழுத்தம் கொடுத்தால், பம்பு இல்லாமலே நீர் ஓடுமாமே! நீருக்குத்தான் மின்னூட்டம் இல்லையே, மின்புலம் எதைப் பிடித்து இழுக்கிறது?

பதில்: கரையைப் பிடித்து இழுக்கிறது! 1809-ஆம் ஆண்டிலேயே மாஸ்கோவில் ராய்ஸ் என்னும் விஞ்ஞானி, ஈரக் களிமண்ணினூடே மின்சாரத்தால் நீர் நகர்வதைக் கண்டு வெளியிட்டார். நீர் பட்ட மாத்திரத்தில் கண்ணாடிச் சுவர் தன் ஹைட்ரஜன் அயனிகளில் சிலவற்றை இழந்து எதிர்மின்னூட்டம் பெறுகிறது. அதனால் கவரப்பட்ட நேர்மின் அயனிகள் சுவரை ஒட்டி ஒரு சூட்சுமமான படலமாகத் திரளுகின்றன. லிட்டருக்கு ஆயிரத்தில் ஒரு மோல் உப்புக் கரைந்த நீரில் அப்படலத்தின் கனம் ஏறத்தாழ 10 நானோமீட்டர்தான். குழாயின் நீளவாக்கில் செல்லும் மின்புலம் அப்படலத்தை இழுக்க, வடம் பிடிப்பவர் சிலரேயானாலும் தேர் முழுவதும் நகர்வது போல, பிசுக்குமையால் பிணைக்கப்பட்ட நடுநீர் அனைத்தும் சமவேகத்தில் தொடர்கிறது.

கண்ணாடி மின்கடத்தாப் பொருளாகையால் மின்னோட்டம் சுவரைத் துளைத்து வெளியேற மார்க்கமில்லை. ஆகவே குழாய் ஓரிடத்தில் பாதிப் பரப்பாகக் குறுகினால், அங்கே மின்புலம் இரு மடங்காகிறது. இதைவிட என்னை வியக்கவைப்பது வேறொன்று: குழாயின் விட்டம் பாதியானால், பம்பினால் அதே சராசரி வேகத்தில் நீரைச் செலுத்த நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும், மின்புலத்தால் நடக்கும் நீரோ, படலத்தைக் காட்டிலும் குழாய் மிக அகன்றிருக்கும்வரை, அகலத்தைப் பொருட்படுத்துவதே இல்லை.